ஏழாவது வரியை அடித்துவிடு

பிரபு,

நேற்று மத்தியானம் நீ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மூன்று முறை படித்தேன். முதல் முறை கண்ணாடி போடாமல், இரண்டாம் முறை கண்ணாடி போட்டு, மூன்றாம் முறை என் கண்தான் தப்பாகப் படித்திருக்கக் கூடாதா என்ற நப்பாசையில். "அம்மா, திங்கக்கிழமை என் டீமுக்கு ட்ரெயினிங். எந்த க்ளையன்ட்டப் பாக்க எப்படி டிரெஸ் பண்ணிட்டுப் போகணும்னு பதினோரு பாயின்ட் எழுதியிருக்கேன். நீ இருபது வருஷம் வீட்டு புரோக்கரா இருந்தவ. பாத்துட்டு ஒரு வாய்ஸ் நோட் போடு" என்று கூடவே சொல்லியிருந்தாய். வாய்ஸ் நோட் போடத்தான் பார்த்தேன். இரண்டு தடவை ஆரம்பித்தேன், இரண்டு தடவையும் வாயில் கெட்ட வார்த்தைதான் வந்தது. அதனால்தான் பேனாவை எடுத்தேன். எழுதும்போது கெட்ட வார்த்தையை அடித்துவிடலாம்.

ஆள் பாதி ஆடை பாதி என்பார்கள். நம் தொழிலில் ஆள் கால், ஆடை முக்கால். அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. உன் பட்டியலில் நல்லது எதுவோ அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மாவுக்கு எதைக் கண்டாலும் நொட்டைதான் என்பாய். கட்டி முடிக்காத கட்டடத்துக்கு வெள்ளைப் பேன்ட் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய், சரி. சென்ட் அடித்துக்கொண்டு லிஃப்டில் ஏறக் கூடாது, சரி. ஹெல்மெட்டைக் கழற்றியதும் தலை வாரிக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய், அதுவும் சரி. கிழிந்த சாக்ஸைப் பற்றி எழுதவில்லை, எழுது. பெங்களூரில் எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். ஒரு தடவை நான் பார்க்க, கோட்டும் டையுமாக வந்த உன் வயதுப் பையன் ஒருவன் வாசலில் குனிந்து ஐந்து நிமிஷம் லேஸை அவிழ்த்தான். பிறகு கட்டைவிரல் வெளியே எட்டிப் பார்க்கிற சாக்ஸோடு ஹாலில் நின்று "லக்ஸுரி லிவிங்" என்று ஆரம்பித்தான். ஓனர் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை, கடைசிவரை அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் பிள்ளைகளுக்கும் ஒன்று எழுது. மாடித் தொட்டியைப் பார்க்க ஏணி ஏற வேண்டி வரும், எதைப் போட்டுக்கொண்டால் பயமில்லாமல் ஏறலாமோ அதைப் போட்டுக்கொண்டு போகட்டும்.

அதற்குப் பிறகு வருவதுதான் வேஷக் கடைப் பட்டியல். வில்லா பார்க்க வருகிறவர்களுக்கு நீலக் கோட்டு, ஐ.டி. பையன்களுக்குக் காலர் இல்லாத டீ-ஷர்ட், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்குக் கதர் குர்தா, கோயில் தெருக் குடும்பங்களுக்கு வேட்டியும் விபூதியும். அடேய், அந்த டீமில் இருக்கிற இம்ரானுக்கும் விபூதியா? படித்துக்கொண்டே வந்து ஏழாவது வரியில் நின்றுவிட்டேன். நீ இங்கிலீஷில் எழுதியதால் அது ஏதோ பெரிய சமாச்சாரம்போல இருக்கிறது. தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் அதன் நாற்றம் தெரிகிறது. "பாரம்பரியக் குடும்பங்களைச் சந்திக்கும் பெண் ஊழியர்கள் சேலை அணிந்து, நெற்றியில் பொட்டும் கழுத்தில் தாலியும் தெரியும்படி செல்ல வேண்டும். சொந்த வாழ்க்கையில் எந்த நிலையில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்." அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "என் அம்மாவின் அனுபவத்திலிருந்து." அந்தச் சின்ன எழுத்துத்தான் என்னைச் சாகடித்தது.

உடனே உனக்குப் போன் போட்டேன். "யாருக்குடா இந்த ஏழாவது பாயின்ட்?" என்று கேட்டேன். "பொதுவாத்தாம்மா" என்றாய். "பொதுன்னா யாரு? அவளுக்குப் பேரு இல்லையா?" என்று விடாமல் கேட்டேன். பிறகு, "ரேவதிக்கு" என்றாய். ரேவதியை எனக்குத் தெரியும். போன வருஷம் புருஷனை விபத்தில் பறிகொடுத்த பெண். நீ அவளை வேலைக்கு எடுத்துக்கொண்ட அன்று எனக்குச் சொன்னாய், "உன்ன மாதிரி ஒருத்திம்மா, அதான் எடுத்தேன்" என்று. அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. இப்போது அதே குரலில் சொல்கிறாய், "மூணு ஓனர் கைவிட்டுப் போச்சும்மா. எல்லாரும் வீட்டுக்காரர் என்ன பண்றாருன்னு கேக்கறாங்க. இவ இல்லன்னு உண்மையச் சொல்றா. அதோட சரி, அப்புறம் போனே எடுக்கறதில்ல. மேல இருக்கறவங்க அவள நிறுத்திடுன்றாங்க. நான் காப்பாத்தப் பாக்கறேன். நீ பண்ணதுதானேம்மா?"

நான் பண்ணினதுதான். அதனால்தான் உன்மேல் வந்த கோபத்தில் முக்கால்வாசி என் பக்கமே திரும்பிக்கொண்டது. உனக்கு அந்தக் கதை தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்தது சிரிப்புக் கதை. மீதியை நான் யாரிடமும் சொன்னதில்லை, இன்றைக்குச் சொல்கிறேன்.

உன் அப்பா போனபோது உனக்கு ஒன்பது வயது. காக்ஸ் டவுனில் நம் வரிசை வீடுகளில் யார் காலி பண்ணுகிறார்கள், யார் வீடு தேடுகிறார்கள் என்பது எனக்கு எப்போதும் தெரியும். அதையே பிழைப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று உன் அப்பாவுடன் ஃபேக்டரியில் வேலை பார்த்தவர் ஒருவர்தான் யோசனை சொன்னார். நானும் இஸ்திரி போட்ட காட்டன் சேலையும் வெறும் நெற்றியுமாகக் கிளம்பினேன். முதல் வீடு ஒரு கன்னடக்கார அம்மாளுடையது. கிரில் கதவைத் திறந்து உட்கார வைத்தார், தண்ணீர் கொடுத்தார். எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு, "நிம் யஜமான்ரு ஏன் மாட்தாரெ?" என்று என் வீட்டுக்காரர் என்ன வேலை பார்க்கிறார் என்பதை விசாரித்தார். இல்லை, தவறிப்போய்விட்டார் என்றேன். அந்த அம்மாள் முகம் கெட்டுப்போகவில்லை, பாவம் என்றுகூடச் சொன்னார். ஆனால் நான் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் சாவியை விதவை கையாலா வாங்குவது, வேறு புரோக்கரைப் பார் என்றார். தண்ணீர் குடித்த டம்ளரை அவர்கள் கழுவினார்களா, கவிழ்த்து வைத்தார்களா என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம் வரும்.

அப்படியே மூன்று மாதம் ஓடியது. ஒரு சாவியும் என் கைக்கு வரவில்லை. பிறகு ஒரு நாள் சிவாஜிநகர் போய் ஒரு கவரிங் கடையில் தாலியும் செயினும் வாங்கினேன். "கல்யாணத்துக்காம்மா?" என்று கடைக்காரர் கேட்டார். "டிராமாவுக்குங்க" என்றேன். "எந்த ஊர் டிராமா?" "இந்த ஊர்தான்" என்றேன். அவருக்குப் புரியவில்லை, நல்லா பண்ணுங்கம்மா என்று வாழ்த்தி அனுப்பினார். நன்றாகத்தான் பண்ணினேன்.

வீட்டிலிருந்து அதைப் போட்டுக்கொண்டு கிளம்ப முடியாது, அக்கம்பக்கத்துக் கண்கள் சும்மா இருக்காது. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிளம்புவேன். மூலையில் மருந்துக் கடை தாண்டியதும் ஸ்கூட்டரை நிறுத்தி, சீட்டுக்கு அடியிலிருந்து சுருக்குப் பையை எடுத்து, பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே தாலி, பொட்டு, மெட்டி எல்லாம் ஏறும். திரும்பி வரும்போது அதே மூலையில் எல்லாம் இறங்கும். ஸ்டிக்கர் பொட்டைப் பைக்குள் போட்டால் பசை போய்விடும் என்று கண்ணாடி ஓரத்திலேயே ஒட்டிவைப்பேன். "அம்மா, உன் வண்டி பொட்டு வச்சிருக்கு" என்று நீ சிரித்தாயே, ஞாபகம் இருக்கிறதா? ஆமாம் கண்ணா, வண்டிக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அப்புறம் பொய்க்குப் பொய் பிறந்தது. புருஷன் எங்கே என்று கேட்டால் துபாய் என்றேன். துபாயில் என்ன என்றால் கம்பெனியில் சூப்பர்வைசர். ஒரு ஓனர் அம்மாள் ஒவ்வொரு வருஷமும் அக்கறையாக விசாரிப்பார், அதே பதவியா, இன்னும் வரவில்லையா என்று. என்ன செய்வது, செத்துப்போன உன் அப்பாவுக்கு நான் துபாயில் இரண்டு பிரமோஷன் வாங்கிக் கொடுத்தேன். இந்த இடத்தில் வீட்டில் எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். உன் சித்தி வந்தால், "அக்கா, துபாய் கதையச் சொல்லேன்" என்று கேட்டு வாங்குவாள். உயிரோடு இருந்தபோது பாஸ்போர்ட்டைக் கண்ணால் பார்த்திராத மனிதரை வைத்து இத்தனை கூத்து.

வேஷம் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் பிறகு எல்லாவற்றுக்கும் வேஷம்தான். ஐ.டி.காரர்களுக்கு வீடு காட்டப் போனால் சல்வாரும், பவர் இல்லாத கண்ணாடியும். ஹோசூர் ரோடு பக்கம் நிலம் வைத்திருக்கிற பெரிய கைகளைப் பார்க்கப் போனால் சாயம் போன சேலை, இவளால் நமக்கு என்ன ஆபத்து என்று அவர்கள் அசட்டையாக இருக்க வேண்டும் அல்லவா? ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய கிறிஸ்தவக் குடும்பங்கள் என்றால் பொட்டும் தாலியும் கண்ணாடிக்கும் பைக்கும் திரும்பிவிடும், முழுக்கை ரவிக்கையோடு சர்ச்சில் மணி அடிக்கிற கோயில் பிள்ளை மாதிரி போய் நிற்பேன். அங்கே ஒரு வாத்தியார் இருந்தார், ரிட்டயர் ஆனவர், மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட வேண்டும் என்று கூப்பிட்டிருந்தார். என் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பொட்ட எங்கம்மா கழட்டி வச்ச?" என்று கேட்டார். "இல்லீங்க சார், நான் வைக்கறதில்ல" என்று இழுத்தேன். "வட்டமா வெள்ளையாத் தெரியுதே, தினம் ஒட்டி ஒட்டி" என்றார். கோபமே இல்லை அவருக்கு. "எனக்காகவெல்லாம் கழட்ட வேணாம். வாடகைக்கு விடறது வீட்ட, உன் நெத்தியக் கேக்கலியே நான்" என்றார். நான் இத்தனை வருஷத்தில் பார்த்த ஓனர்களில் மரியாதை என்றால் என்ன என்று தெரிந்த மனிதர் அவர். அடுத்தவர் வீட்டுக்குப் போகிறோமே என்று துவைத்துக் கட்டிக்கொண்டு போவது மரியாதை. அவர் சாதியையும் சாமியையும் நம் உடம்பில் ஒட்டிக்கொண்டு போவது திருட்டு. அன்றைக்கு அது எனக்கு உறைத்தது. ஆனால் உறைத்து என்ன பிரயோஜனம், அடுத்த தெரு திரும்பியதும் மறுபடியும் கண்ணாடியைப் பார்த்துப் பொட்டு வைத்துக்கொண்டேன்.

இப்போது சொல்லப்போவதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்தது. பொம்மனஹள்ளியில் ஒரு குடும்பத்துக்கு ஃபிளாட் முடித்துக் கொடுத்தேன். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர்கள். பையன் கார்மென்ட்ஸ் கம்பெனியில் வேலை. புருஷன் இல்லாமல் அவனை வளர்த்தது அவன் அம்மா. அந்த அம்மாள் பத்துப் பாத்திரம் தேய்த்து, மெஷின் தைத்து ஆளாக்கிய பிள்ளை. வீடு பார்க்க வரும்போதெல்லாம் அவரும் கூட வருவார், ஒவ்வொரு குழாயையும் திறந்து பார்ப்பார், ஒவ்வொரு ஜன்னலையும் தள்ளிப் பார்ப்பார். பால் காய்ச்சுகிற அன்று காலையில் சாவி கொடுக்க நான் போயிருந்தேன். வேலைக் கோலம்தான், தாலி, பொட்டு, தலையில் கொஞ்சம் மல்லிகை. ஐந்து சுமங்கலிகள் சேர்ந்து பால் வைக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். நாலு பேர்தான் வந்திருந்தார்கள், ஐந்தாவது ஆள் ஹோசூர் ரோடு டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டிருந்தாள். நல்ல நேரம் முடியப்போகிறது. பெண்ணைக் கொடுத்த சம்பந்தி அம்மாள் என்னைப் பார்த்தாள், என் கழுத்தைப் பார்த்தாள். "நீங்களே வாங்களேன்மா, உங்க கைராசியில அமைஞ்ச வீடு" என்று கையைப் பிடித்து அடுப்பங்கரைக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பிறகு திரும்பிப் பையனுடைய அம்மாவிடம், "நீங்க செத்த அந்தப் பக்கமா நில்லுங்க சம்பந்தி. பால் பொங்கினதும் கூப்புடுறோம்" என்றாள்.

அந்த அம்மாள் பழகின மாதிரி வெளியே போய் லிஃப்ட் பக்கத்தில், எல்லோருடைய செருப்பும் கிடந்த இடத்தில் நின்றுகொண்டார். அவர் பிள்ளை தேங்காய்க்குக் குடுமி சரிசெய்துகொண்டிருந்தான். கதவு திறந்தே இருந்தது. அடுப்பங்கரையிலிருந்து பார்த்தால் லிஃப்ட் தெரியும், லிஃப்டிலிருந்து பார்த்தால் அடுப்பங்கரை தெரியும். சம்பந்தி அம்மாள் குங்குமச் சிமிழை நீட்டினாள். மற்ற நாலு பேரும் எடுத்துக்கொண்டார்கள், நானும் எடுத்தேன், நெற்றியில் வைத்தேன், வகிட்டில் வைத்தேன், அந்தக் கவரிங் தாலியை வெளியே எடுத்து அதிலும் வைத்து உள்ளே போட்டுக்கொண்டேன். பாலை நான்தான் ஊற்றினேன். நன்றாகப் பொங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்புறம் அந்த அம்மாளை உள்ளே கூப்பிட்டார்கள். முதல் டம்ளர் பாலை அவரே எடுத்து வந்து என் கையில் கொடுத்து, "நீங்க நல்லாருக்கணும்மா, உங்க வூட்டுக்காரரும் நல்லாருக்கணும்" என்றார். நான் குடித்தேன் பிரபு. நானும் அவரைப் போலத்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், ஒன்று என்னையும் வெளியே தள்ளியிருப்பார்கள், அல்லது அவரையும் உள்ளே விட்டிருப்பார்கள். ஒரு வார்த்தை. என் வாயில் பால் இருந்தது, நான் முழுங்கிவிட்டு இன்னொரு வீட்டுக்கு நேரமாச்சு என்று கிளம்பினேன்.

ஒன்றரை வருஷம் கழித்து அதே கட்டடத்தில், அதே மாடியில் எதிர் ஃபிளாட் வாடகைக்கு வந்தது. பார்க்க வருகிறவன் தனியாள், ஐ.டி. பையன். அதனால் சல்வார் போட்டிருந்தேன், கழுத்தில் ஒன்றும் இல்லை, நெற்றியிலும் இல்லை. அவன் வர நேரமானது. லிஃப்ட் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன், அந்த அம்மாள் நின்ற அதே இடம். அவர்கள் வீட்டுக் கதவு திறந்தது, அவரேதான். "பால் காய்ச்சினவங்கதானே? ஏன் இங்கியே நிக்கிறீங்க, உள்ள வாங்க" என்றார். என் கை தானாகக் கழுத்துக்குப் போனது. துப்பட்டாவை இழுத்தேன். "மறைக்காதீங்கம்மா. எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தாலிக்கு குங்குமம் வச்சீங்க, கண்ணுல ஒத்திக்கலியே" என்றார். "அந்த நாலு பேரையும் பாத்தேன், வச்ச கையோட தாலிய எடுத்துக் கண்ணுல ஒத்திக்கினாங்க. யாரும் சொல்லிக் குடுக்க வேணாம், கை தானாப் போவும். எனக்கும் அப்பிடித்தான் போவும், அவரு இருக்கச்சே. உங்க கை போவல." அவர் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. உன் அப்பா இருந்தவரை தினமும் குளித்துவிட்டு வந்ததும் அதைத்தான் செய்வேன், பல் விளக்குவது மாதிரி ஒரு பழக்கம். சிவாஜிநகரில் வாங்கியதற்கு ஒரு நாளும் என் கை அதைச் செய்யவில்லை. என் வாய் துபாய் வரைக்கும் பொய் சொன்னது. கை மட்டும் உன் அப்பாவிடமே நின்றுவிட்டது.

"அப்ப ஏம்மா அன்னிக்குச் சொல்லல?" என்று கேட்டேன். "சொன்னா உங்க பொழப்பு கெட்டுப்பூடாதா?" என்றார், இதைக்கூடவா கேட்பார்கள் என்பது மாதிரி. பிறகு காபி போட உள்ளே போனார். அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே, நிதானமாகச் சொன்னார். "பால் நல்லாத்தான் பொங்கிச்சி. புள்ளைங்களும் நல்லாத்தான் இருக்காங்க, பேத்தி பொறந்திருக்கா. ஒரு கொறையும் இல்ல." காபித்தூள் டப்பாவை மூடினார். "அப்படின்னா அன்னிக்கு நானே காய்ச்சியிருக்கலாம் இல்ல?"

இதற்குப் பதிலை நீ சொல்லேன், எம்.பி.ஏ. படித்தவன்தானே. அவர் என் பிழைப்புக்காக வாயை மூடிக்கொண்டு செருப்புகளோடு நின்றார். நான் என் பிழைப்புக்காக வாயை மூடிக்கொண்டு அவர் பாலைப் பொங்க வைத்தேன். அவருடைய ஒரு நாளைத் திருடிவிட்டேன், பெற்ற பிள்ளையின் வீட்டில் முதல் பால். அந்தக் காபியையும் குடித்துத் தொலைத்தேன்.

அன்றோடு அந்தத் தாலியைத் தூக்கி எறிந்தேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எறியவில்லை. அதற்குப் பிறகும் மூன்று வருஷம் போட்டேன், நீ வேலைக்குப் போகும்வரை. உன் படிப்பில் அந்தக் கவரிங்குக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் மருந்துக் கடை மூலையில் அதைக் கழற்றும்போது கழுத்தில் அழுக்கு உருட்டி எடுப்பது மாதிரி இருக்கும். அதை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து துபாய் பிரமோஷனைச் சொல்லி உன்னைச் சிரிக்க வைத்தேன். அப்பா இல்லாத பிள்ளை முகம் வாடிவிடுமே என்று. நீ அதைக் கெட்டிக்காரத்தனம் என்று கற்றுக்கொண்டாய், உன்னைச் சொல்லி என்ன குற்றம்? நான் தெரிந்தே வாந்தியைத் துடைத்துவிட்டு சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொல்லியிருக்கிறேன், அதனால் நீயும் இப்போது அதையே பந்தியில் பரிமாறுகிறாய்.

இதில் இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. நான் போட்ட வேஷம் எனக்கு நானே போட்டுக்கொண்டது. என்னை யாரும் உட்கார வைத்துப் பதினோரு வரி வாசித்துக் காட்டவில்லை. அந்தப் பெண்ணுக்கு நீ போடச் சொல்கிறாய். அதுவும் இம்ரானும் மற்றவர்களும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது, ப்ரொஜெக்டர் போட்டு. நீ எழுதிய அந்த "எந்த நிலையில் இருப்பவர்களுக்கும்" என்ற இடம் வரும்போது அறையில் எத்தனை தலை அவள் பக்கம் திரும்பும் என்று யோசித்தாயா? ஓனர் கிரில் கதவை மூடினால் அது ஓனருடைய அசிங்கம். நீ அதைப் பாயின்ட் போட்டு எழுதினால் அது கம்பெனியுடைய சட்டம். புருஷன் செத்தவள் கையால் சாவி வாங்கினால் குடும்பம் விளங்காது என்று அவன் வாயால் சொல்கிறான், நீ கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறாய்.

அப்படியானால் அவள் வேலை போகட்டுமா என்று கேட்பாய். போகக் கூடாது. அதற்குத்தான் நீ மேனேஜர். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று ஓனர் கேட்டால், "வீட்டப் பத்திப் பேசலாமா சார்" என்று சொல்லக் கற்றுக்கொடு, அவளுக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். அதற்குப் பிறகும் வேறு ஆளை அனுப்பு என்று போன் வந்தால், வேறு ஆள் இல்லை, இவங்கதான் உங்க வீட்டைப் பார்ப்பாங்க என்று நீ சொல்லு. இரண்டு ஓனர் போவான். இந்த ஊரில் விற்காமல் பூட்டிக் கிடக்கிற ஃபிளாட்டுக்கா பஞ்சம்? என்னிடம் பழைய டைரி ஒன்று இருக்கிறது. இருபது வருஷத்தில் என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத ஓனர்களுக்கு நேராக ஒரு நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறேன். நிறையப் பேர் இல்லை, அதுவே எனக்கு இந்த ஊர்மேல் இருக்கிற அருவருப்புக்குக் காரணம். ஆனால் ஒரு பெண் தலை நிமிர்ந்து வேலையை ஆரம்பிக்க அவ்வளவு பேர் போதும். ரிச்சர்ட்ஸ் டவுன் வாத்தியார் இப்போது இல்லை, அவர் மகள் இருக்கிறாள், நான் பேசிவிட்டேன். மாடிப் போர்ஷன் மறுபடி காலியாகிறதாம், ரேவதியை வரச் சொல்லியிருக்கிறாள்.

மற்ற பத்து வரிகளை உன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள், கோட்டைப் போடச் சொல், டீ-ஷர்ட்டைப் போடச் சொல், என்ன எழவோ செய். இம்ரானிடம் விபூதியைப் பற்றிப் பேசாதே. ஏழாவது வரியை அடித்துவிடு. இல்லை, அம்மாவுக்குத் தொழில் மாறிவிட்டது தெரியாது, அவள் பழைய ஆள் என்று நீ நினைத்தால், சரி, திங்கட்கிழமை நானே வருகிறேன். முழங்கால் வலியோடு பஸ் ஏறி, உன் ஆபீஸ் லிஃப்டில் ஏறி வருகிறேன். இஸ்திரி போட்ட காட்டன் சேலை, வெறும் கழுத்து, வெறும் நெற்றி, முதன்முதலில் வேலைக்குக் கிளம்பினபோது எப்படிக் கிளம்பினேனோ அப்படி. முதல் வரிசையில் ரேவதிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். ஏழாவது வரி வந்ததும் நிறுத்தாமல் என் முகத்தைப் பார்த்துப் படி.

அம்மா